குறைந்த பட்ஜெட்டில் பழைய ரோடு பைக்: எது தேறும், எது தேறாது

முதல் ரோடு பைக்கைப் பழையதாக வாங்குவது நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் பெயரில் விற்பனைக்கு வருபவை ஒரே சரக்கு அல்ல. ஐந்தாறு வகை உண்டு. அவற்றில் பாதி, புதிதாக ஓட்டத் தொடங்குபவரின் கையில் வாங்கிய விலைக்கு மேல் செலவு வைக்கும். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: அலுமினிய ஃபிரேம், முன்சக்கரத்தைத் தாங்கும் கார்பன் ஃபோர்க், பின்னால் 9 அல்லது 10 பல்சக்கரம் உள்ள கேசட், சக்கர விளிம்பை உரசி நிறுத்தும் ரிம் பிரேக். இந்த நான்கும் சேர்ந்த ஒரு வண்டி உங்கள் உடம்புக்குப் பொருந்தும் அளவில் கிடைத்தால், அந்தக் காசுக்கு அதைவிட உருப்படியானது வேறில்லை.

காரணம் எளிது. தயாரிப்பாளர்கள் டிஸ்க் பிரேக்குக்கு மாறிவிட்டதால் ரிம் பிரேக் வண்டிகளின் மறுவிற்பனை மதிப்பு இறங்கிவிட்டது. வண்டியின் தரம் இறங்கவில்லை. பிரேக் பேட், வயர், செயின், கேசட் எல்லாம் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. 4, 5, 6 மி.மீ. அலென் கீ மூன்று இருந்தால் பெரும்பாலான வேலைகளை வீட்டிலேயே முடிக்கலாம்.

விற்பவர் சொல்லும் விலையை முழு விலையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நன்றாகப் பராமரித்த வண்டிக்கும் டயர், செயின், வயர்கள், பிரேக் பேட் என்று ஒரு சுற்றுச் செலவு வரும். ஆகவே கையில் இருக்கும் தொகையில் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மீதியில் வண்டி தேடுவதே நம் பரிந்துரை. மொத்தப் பணத்தையும் வண்டிக்கே கொடுத்துவிட்டு, தேய்ந்த டயரில் ஓட்டுபவர்களே அதிகம்.

அளவு பொருந்தாவிட்டால் மற்ற எதையும் பார்க்க வேண்டாம்

ரோடு பைக்கில் அளவு என்பது சீட்டை ஏற்றி இறக்கிச் சரிசெய்துவிடும் சங்கதி அல்ல. சீட்டின் உயரத்தை மாற்றலாம். ஹேண்டில்பாருக்கும் சீட்டுக்கும் உள்ள தூரம் ஃபிரேமோடு பிறந்தது. ஹேண்டிலை முன்குழாயோடு இணைக்கும் ஸ்டெம்மை மாற்றி 10 முதல் 20 மி.மீ. வரை சமாளிக்கலாம், அவ்வளவே. அதற்கு மேல் குறைத்தால் வண்டி துள்ளலாகத் திரும்பும்.

முதலில் உங்கள் உள்கால் அளவை எடுங்கள். வெறுங்காலில் சுவரோரம் நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கிடையே சீட் அழுத்துவதுபோல மேலே இழுத்துப் பிடித்து, அதன் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு என்று அளக்க வேண்டும். இந்த அளவை 0.883-ஆல் பெருக்கினால் பெடல் கைகள் (கிராங்க்) சுழலும் பெடல் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை வரவேண்டிய உயரம் தோராயமாகக் கிடைக்கும். 78 செ.மீ. உள்கால் என்றால் சுமார் 69 செ.மீ. அதே அளவை 0.65-ஆல் பெருக்கினால் பழைய பாணி ஃபிரேம் அளவு: இங்கே சுமார் 51. மேல்குழாய் சரிந்து வரும் புதுப்பாணி ஃபிரேம்களில் இந்த எண் பொய் சொல்லும். ஒரு நிறுவனத்தின் 52, இன்னொன்றின் 54-க்குச் சமமாக இருக்கலாம். ஆகவே மாடல் பெயரும் வருடமும் தெரிந்தவுடன், அந்த நிறுவனம் வெளியிட்ட அளவு அட்டவணையில் ஸ்டாக், ரீச் என்ற இரண்டு எண்களைப் பாருங்கள். ஸ்டாக் என்பது ஹேண்டில் பக்கம் எவ்வளவு உயரம், ரீச் என்பது எவ்வளவு நீட்டம். வெவ்வேறு நிறுவனங்களின் ஃபிரேம்களை நேர்மையாக ஒப்பிட உதவுபவை இவை இரண்டுதான்.

இரண்டு அளவுகளுக்கு நடுவில் நின்றால் சிறியதை எடுக்கலாம். பெரியதைச் சிறிதாக்க வழி கிடையாது. "கொஞ்சம் பெரிசுதான், பழகிடும்" என்று விற்பவர் சொன்னால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். கழுத்தும் மணிக்கட்டும் பழகாது.

சந்தையில் இருக்கும் வகைகள்

முதலாவது, ரோடு பைக் வேஷம் போட்ட சாதா சைக்கிள். வளைந்த ஹேண்டில், மெல்லிய டயர், "21 கியர்" என்ற ஸ்டிக்கர் எல்லாம் இருக்கும். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம்: கியர் மாற்றும் நெம்பு ஸ்டெம் மேல் இருக்கும், பிரேக் கைகள் தகட்டில் அடித்தவையாக இருக்கும், பின்னால் கேசட்டுக்குப் பதில் மரை போட்டு முடுக்கிய ஃபிரீவீல் இருக்கும். மரை ஃபிரீவீலில் வலதுபக்க பால்ரஸ் ஃபிரேமிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளி இருக்கும். அந்த நீளத்துக்கு ஆக்சில் தாங்கலே இல்லாமல் நிற்பதால் குழிகளில் வளைந்து, ஒருநாள் முறியும். இதை விலை குறைவு என்பதற்காக வாங்குவதைவிட, அதே பணத்தில் நேர் ஹேண்டில் உள்ள நல்ல சைக்கிள் வாங்குவது மேல்.

இரண்டாவது, 1980-களின் ஸ்டீல் வண்டி. கியர் நெம்பு கீழ்க்குழாயில் இருக்கும். பார்க்க அழகு, உடம்பும் கெட்டி. பின் கியர் மாட்டும் காது வளைந்தாலும் நிமிர்த்திக்கொள்ளலாம். ஆனால் தொடக்கக்காரருக்கு இதில் கண்ணிகள் பல. சக்கரம் 27 அங்குலமா, 700சி-யா என்று டயரின் பக்கவாட்டில் படியுங்கள். 27 அங்குல ரிம்மின் விட்டம் 630 மி.மீ., 700சி-யினுடையது 622 மி.மீ. ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது, 630-க்குக் கிடைக்கும் டயர் வகைகளும் சொற்பம். குரோம் பூசிய ஸ்டீல் ரிம்மாக இருந்தால் மழையில் பிரேக் பிடிக்கவே பிடிக்காது. பின் ஃபோர்க்கின் இடைவெளி 126 மி.மீ. ஆக இருந்தால் இன்றைய 130 மி.மீ. சக்கரம் நேராக உட்காராது. பழைய பிரெஞ்சு வண்டிகளில் மரை அளவே வேறு. பெடல் அச்சிலிருந்து ஸ்டெம் வரை எதை மாற்றப் போனாலும் தேடி அலைய வேண்டும். ஸ்பேனர் பிடித்துப் பழகியவருக்கு இது ஆசைக்குரிய வண்டி. மற்றவர்கள் இரண்டாவது வண்டியாக வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது வகைதான் நாம் சொல்லும் அலுமினிய வண்டி. ஸ்பெஷலைஸ்டு ஆலே, ஜயன்ட் டிஃபை, டிரெக் 1 வரிசை, கேனன்டேல் சிஏஏடி வரிசை, டிரைபன் எனப் பெயர்கள் பல. ஃபிரேமின் பெயரைவிட அதில் மாட்டியிருக்கும் கியர் செட்டின் பெயரும் எண்ணுமே விலையை முடிவு செய்ய வேண்டும். கியர் செட் செய்யும் ஷிமானோ நிறுவனத்தில் கீழிருந்து மேலாக கிளாரிஸ் 8, சோரா 9, டியாக்ரா 10 வேகம் (வேகம் என்பது பின்னால் உள்ள பல்சக்கரங்களின் எண்ணிக்கை). 105 என்பது 5600, 5700 எண்களில் 10 வேகம், 5800, ஆர்7000 எண்களில் 11 வேகம். எண் பெரும்பாலும் கிராங்க்கின் உட்புறத்திலோ, கியர் மாற்றியின் பின்புறத்திலோ பொறித்திருக்கும். "105 வண்டி" என்று விளம்பரம் சொல்லும். பின் டிரெய்லர் (செயினைப் பல்சக்கரம் மாற்றித் தள்ளும் கருவி) மட்டும் 105 ஆக இருந்து, லீவரும் (பிரேக்கும் கியரும் சேர்ந்த கைப்பிடி) கிராங்க்கும் வேறாக இருப்பது வழக்கமான கதை. லீவரின் பெயரைப் பார்த்தே விலை பேசுங்கள், பணம் அங்கேதான் இருக்கிறது.

இந்த வகைக்குள் நம் தேர்வு: டியாக்ரா 4600 அல்லது 105 5600. இவற்றில் கியர் வயர் லீவரின் பக்கவாட்டிலிருந்து துணிக்கொடி மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அழகில்லை என்று பலரும் ஒதுக்குவதால் மலிவாகக் கிடைக்கும். ஆனால் வயருக்கு வளைவு குறைவு, மாற்றுவதும் சுலபம். 5700 முதல் வயர் டேப்புக்குள் மறைந்துவிட்டது. கண்ணுக்கு லட்சணம், ஆனால் லீவருக்குள்ளேயே வயர் இழை இழையாக அறுந்து, துண்டான தலை உள்ளே சிக்கிக்கொள்ளும் தொல்லை இந்த வடிவத்தோடு சேர்ந்தே வந்தது. டியாக்ரா 4700 நல்ல செட்தான். ஆனால் அதன் வயர் இழுப்பளவு பழைய 10 வேகச் செட்களோடு ஒத்துப்போகாது. உடைந்தால் 4600-இன் பின் டிரெய்லரை மாட்டிச் சமாளிக்க முடியாது.

தவிர்க்க வேண்டியது ஒன்று: ஷிமானோ 2300, சோரா 3400 போன்ற பழைய லீவர்களில் கியரை ஒரு பக்கம் மாற்றக் கட்டைவிரல் பொத்தான் இருக்கும். ஹேண்டிலின் கீழ்வளைவைப் பிடித்து ஓட்டும்போது அது விரலுக்கு எட்டாது. கிளாரிஸ் 2400, சோரா 3500 முதல் இந்தக் குறை இல்லை. ஸ்ராம் நிறுவனத்தின் ஏபெக்ஸ், ரைவல் 10 வேகச் செட்களும் நல்லவையே, ஆனால் ஷிமானோ டிரெய்லரோடு கலக்க முடியாது. கம்பன்யோலோ நிறுவனத்தின் லீவரைப் பிரித்துப் பழுது பார்க்கலாம் என்பது பெருமை. உதிரிபாகத்தின் விலை கேட்டால் பெருமை குறையும்.

11 வேக 105 கிடைத்தால் விடவேண்டாம், பட்ஜெட் இடம் கொடுத்தால் மட்டும். 105-க்கு மேல்தட்டு ஷிமானோ செட்களான அல்டெக்ரா அல்லது டியூரா-ஏஸின் கிராங்க் இருந்தால் ஒரு எச்சரிக்கை. 6800, 9000, ஆர்8000, ஆர்9100 எண்களில், 2019 ஜூலைக்கு முன் தயாரான ஹாலோடெக் (உள்ளே கூடான) கிராங்க்குகளில் ஒட்டுப் பிரிவதாகச் சொல்லி ஷிமானோ 2023-இல் பரிசோதனை அறிவித்தது. கிராங்க்கின் உட்புறத்தில் இரண்டு எழுத்துத் தயாரிப்புக் குறியீடு இருக்கும். அது பட்டியலில் இருந்தால், பரிசோதித்ததற்கான சான்றை விற்பவரிடம் கேளுங்கள். 105 அந்தப் பட்டியலில் இல்லை என்பது கீழ்த்தட்டு செட்டுக்குக் கிடைத்த அபூர்வமான ஆறுதல்.

பழைய கார்பன் ஃபிரேம், முதல் வண்டிக்கு வேண்டாம். கார்பன் மோசம் என்று சொல்லவில்லை. அடிபட்டதை வெளியே காட்டாமல் மறைக்கும் பொருள் அது. பார்த்துப் பழகாத கண்ணுக்குப் பிடிபடாது. பெரிய நிறுவனத்தின் பெயர் பொறித்த போலி ஃபிரேம்களும் உலாவுகின்றன. டிஸ்க் பிரேக் வண்டியில் வயர் இழுக்கும் வகை பட்ஜெட்டுக்கு ஏற்றது. பிரேக் பிடிக்கும் தகடான ரோட்டாரின் கனம் புதிதில் 1.8 மி.மீ., 1.5-க்கு வந்தால் மாற்ற வேண்டும். பழைய டிரெக் டிஸ்க் வண்டியானால் முன்சக்கர குவிக் ரிலீஸ் நெம்பையும் பாருங்கள். முழுதாகத் திறந்தால் 180 பாகைக்கு மேல் சுழன்று டிஸ்க்கில் மாட்டிக்கொள்ளக் கூடிய நெம்புகளை அந்த நிறுவனம் 2015-இல் திரும்பப் பெற்றது.

நேரில் பார்க்கும்போது

எடுத்துச் செல்ல வேண்டியவை: துடைக்க ஒரு துணி, டார்ச், அலென் கீ, ஒரு இரும்பு ஸ்கேல், செயின் தேய்மானம் பார்க்கும் கேஜ் இருந்தால் அதுவும். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். வண்டி அழுக்காக இருந்தால் முதலில் துடைத்துத் தரக் கேளுங்கள். விரிசல் ஒளிந்துகொள்ள அழுக்கைவிட வசதியான இடம் இல்லை.

ஃபிரேமில் தொடங்கும் இடம், கீழ்க்குழாய் முன்குழாயோடு சேரும் மூலைக்குச் சற்றுப் பின்னால், அடிப்பக்கம். வண்டி நேராக எதிலாவது மோதியிருந்தால் அங்கே பெயின்ட் சுருங்கியோ, குழாய் மெல்ல அலைபோல மேடு தட்டியோ இருக்கும். கண்ணைவிட விரல்நுனி இதை நன்றாகக் கண்டுபிடிக்கும். அடுத்து சீட் குழாயின் வாய்ப்பிளவு, பெடல் அச்சைச் சுற்றிய வெல்டிங், பின்சக்கரம் மாட்டும் இடம். கீறலுக்கும் விரிசலுக்கும் என்ன வித்தியாசம்? கீறல் எங்கோ தொடங்கி எங்கோ முடியும். விரிசல் வெல்டிங்கின் ஓரத்தையே பிடித்துக்கொண்டு போகும், நடுவில் கறுப்புக் கோடு தெரியும். அலுமினியத்தில் விரிசல் என்றால் பேரம் பேச வேண்டாம். வெல்டிங் வைத்துவிடலாம் என்பார்கள். சூட்டில் அந்த இடத்தின் பதம் போய்விடும், மறுபடி முறையாகச் சூட்டுப் பதமேற்றாமல் பழைய பலம் வராது. அந்தச் செலவுக்கு இன்னொரு ஃபிரேமே வாங்கலாம்.

ஃபோர்க்கின் தோள்பகுதியையும், சக்கரம் மாட்டும் நுனிகளையும் பாருங்கள். முன்சக்கரம் இரண்டு கால்களுக்கும் நட்டநடுவில் நிற்கிறதா? சக்கரத்தைத் திருப்பி மாட்டியும் அதே பக்கம் ஒதுங்கினால் ஃபோர்க் வளைந்திருக்கிறது, எதிர்ப்பக்கம் ஒதுங்கினால் சக்கரத்தில்தான் குறை.

இப்போது சீட் போஸ்ட். பலரும் தொடாமல் விடுவது இதைத்தான். பழுதானால் ஃபிரேமையே காவு வாங்குவதும் இதுதான். போல்ட்டைத் தளர்த்திச் சீட்டைத் திருகிப் பாருங்கள். அசைய வேண்டும். ஸ்டீல் ஃபிரேமில் அலுமினியப் போஸ்ட், அலுமினிய ஃபிரேமில் கார்பன் போஸ்ட் என்று இரு வேறு பொருள்கள் வியர்வை உப்போடு வருடக்கணக்கில் ஒட்டியிருந்தால் அரிப்பு ஏற்பட்டு வெல்டிங் வைத்தது போல இறுகிவிடும். "உங்க உயரத்துக்கு இதே சரியா இருக்கே, எதுக்குக் கழட்டணும்" என்ற பதில் வந்தால், அவருக்கும் கழட்ட வரவில்லை என்று பொருள்.

ஹேண்டில் திரும்ப உதவும் முன்குழாய் பால்ரஸ் தொகுதியான ஹெட்செட்டுக்கு இரண்டு சோதனை. முன்பிரேக்கை அழுத்திப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் 'டக் டக்' என்று ஆட்டம் தெரிகிறதா? தெரிந்தால் பெரும்பாலும் முடுக்கினால் தீரும். பிறகு முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நேராக நிற்கும் இடத்தில் பள்ளத்தில் விழுவதுபோலப் பிடித்தால் பால்ரஸ் ஓடும் தடம் குழிந்துவிட்டது, மாற்றவே வேண்டும். கிராங்க் கைகள் இரண்டையும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். பெடல் அச்சுப் பெட்டி மரை போட்ட வகையாக இருந்தால் மாற்றுவது சுலபம். அழுத்திச் செருகும் பிபி30 போன்ற வகையாக இருந்தால், மிதிக்கும்போது முனகும் சத்தம் அடிக்கடி திரும்பி வரும். சம விலையில் இரண்டு வண்டி இருந்தால் மரை வகையையே எடுங்கள். பெடல்களையும் கழட்டி மாட்டச் சொல்லுங்கள். இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும். அது தெரியாமல் முடுக்கி மரையைத் தின்ற கிராங்க்குகள் நிறைய.

சக்கரங்களில் 'பெண்டு' சிறிதாக இருந்தால் கவலை வேண்டாம், எடுத்துவிடலாம். ரிம்மின் தேய்மானம் அப்படி அல்ல. பிரேக் உரசும் பக்கத்தில் ஸ்கேலை நிமிர்த்தி வையுங்கள். நடுவில் வெளிச்சம் தெரியும் அளவுக்குக் குழிந்திருந்தால் அந்த ரிம் முடிந்துபோனது. காற்றழுத்தம் உள்ளிருந்து தள்ள, மெலிந்த சுவர் ஒருநாள் பிளந்துகொள்ளும். பல ரிம்களில் தேய்மானம் காட்டும் மெல்லிய பள்ளமோ சிறு குழியோ இருக்கும். அது மறைந்திருந்தாலும் அதே தீர்ப்பு. கம்பிகள் ரிம்முக்குள் நுழையும் துளைகளைச் சுற்றி வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சக்கரத்தைக் கையால் பக்கவாட்டில் ஆட்டினால் வரும் ஆட்டம், ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதி) பால்ரஸைப் பிடிக்கும் கோன் தளர்ந்ததன் அடையாளம், ஒரு ஓவராயிலில் சரியாகும். ஆட்டத்தோடு கரகரப்பும் இருந்தால் உள்ளே குழி விழுந்திருக்கும்.

செயினுக்கு ஸ்கேல் போதும். 12 முழுக் கண்ணிகள் (உள்தகடும் வெளித்தகடும் சேர்ந்த ஜோடி ஒரு முழுக் கண்ணி) புதிதில் சரியாக 12 அங்குலம், அதாவது 304.8 மி.மீ. ஒரு பின்னின் மையத்தில் ஸ்கேலின் தொடக்கத்தை வைத்து, 12-ஆவது கண்ணி முடியும் பின்னைப் பாருங்கள். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தாண்டியிருந்தால் அரை சதவீதத் தேய்மானம். 11 வேகமானால் அப்போதே மாற்ற வேண்டும், 10 வேகம் வரை 0.75 சதவீதம் தாங்கும். எட்டில் ஒரு பங்கு தாண்டிவிட்டதென்றால் கேசட்டும் கூடவே போயிருக்கும். அங்கே செயின் மட்டும் மாற்றினால் பழைய பற்களில் புதுக் கண்ணி உட்காராமல், அழுத்தி மிதிக்கும் நேரத்தில் ஸ்லிப் ஆகும். "புதுச் செயின் போட்டிருக்கேன்" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், கேசட்டின் நடுப் பல்சக்கரம் ஒன்றில் வைத்து எழுந்து நின்று மிதித்துப் பாருங்கள். உண்மை இரண்டு மிதியில் தெரியும்.

பின்னால் குனிந்து டிரெய்லரைப் பாருங்கள். அதன் இரண்டு குட்டிச் சக்கரமும் கேசட் பல்லும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்க வேண்டும். உள்பக்கம் சாய்ந்திருந்தால் அதைத் தாங்கும் காது வளைந்திருக்கிறது, அதாவது வண்டி வலப்பக்கம் விழுந்திருக்கிறது. அலுமினிய ஃபிரேமில் இந்தக் காது தனியே கழட்டி மாட்டும் உதிரி, பெரிய விலையில்லை. ஆனால் ஒவ்வொரு மாடலுக்கும் வடிவம் வேறு. அந்த மாடலுக்கு இன்றும் கிடைக்கிறதா என்று அங்கேயே தேடிப் பார்த்துவிடுங்கள்.

லீவர்களை ஒவ்வொரு கிளிக்காக மேலும் கீழும் நடத்துங்கள். வருடக்கணக்கில் நின்ற வண்டியில் உள்ளிருக்கும் கிரீஸ் பிசினாகி, நெம்பு பிடிக்காமல் வெறுமனே ஆடும். பல சமயம் கரைப்பான் ஸ்பிரே அடித்துக் கழுவி, மெல்லிய எண்ணெய் விட்டால் உயிர் வரும். வராமலும் போகலாம். ஷிமானோ லீவரின் உட்பாகங்களைப் பிரித்துப் பழுது பார்க்கும் வகையில் செய்யவில்லை. ஆகவே வேலை செய்யாத லீவருக்கு "கிரீஸ்தான் காய்ஞ்சிருக்கு" என்ற விளக்கத்தை ஏற்றாலும், விலையை லீவர் போய்விட்டது என்ற கணக்கிலேயே பேசுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

குறைந்தது கால் மணி நேரம், ஒரு மேடாவது இருக்க வேண்டும். முன்னால் சிறிய பல்சக்கரத்தில் வைத்துப் பின்னால் எல்லாக் கியரும், பிறகு பெரிய பல்சக்கரத்தில் அதே மாதிரி. பெரியதோடு பெரியதும் சிறியதோடு சிறியதுமான கோணல் சேர்க்கையில் வரும் உரசலைக் குறையாகக் கருத வேண்டாம். ஹேண்டிலை விரல்நுனியால் மட்டும் பிடித்து நேராக விடுங்கள். வண்டி ஒரே பக்கம் இழுத்தால் ஃபிரேமோ ஃபோர்க்கோ கோணல். இரண்டு பிரேக்கையும் தனித்தனியாக, கடினமாக அழுத்திப் பாருங்கள்.

மேடு ஏறும்போது கவனிக்க வேண்டியது கியர் விகிதம். இதைத் தொடக்கக்காரர்கள் வாங்கிய பிறகே உணர்கிறார்கள். முன்பு பந்தய வண்டிகளின் முன் பல்சக்கரங்கள் இரண்டில் 53/39 பற்கள் வரும். 39 பல்லோடு பின்னால் 25 பல் வைத்தால், பெடலை நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்கும்போது மணிக்குச் சுமார் 12 கி.மீ. வேகம் போயாக வேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் புதியவர் காலுக்கு அது முடியாத காரியம். காம்பேக்ட் எனப்படும் 50/34 கிராங்க்கில் 34-க்கு 28 வைத்தால் அதே மிதிக்கு 9 கி.மீ. போதும். 53/39-ஐ வாங்கிச் சின்னப் பல்சக்கரத்தை மட்டும் 34 ஆக மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். 130 மி.மீ. போல்ட் வட்டத்தில் 38 பல்லுக்குக் கீழான பல்சக்கரம் மாட்ட இடமில்லை. கிராங்க் முழுவதையும் மாற்ற வேண்டும். முன்னால் 50/39/30 என்று மூன்று பல்சக்கரம் உள்ள வண்டிகள் நாகரிகம் போய்விட்டதால் மலிவாகக் கிடைக்கும். மலைப்பாதை அதிகம் ஓட்டுபவருக்கு இதைவிட நல்ல சகாயம் இல்லை.

வாங்கும் இடமும், பிறகு வரும் செலவும்

ஓட்டியவரிடமே நேரடியாக வாங்குவது மலிவு, வண்டியின் பூர்வீகமும் தெரியும். பெடல் அச்சுப் பெட்டியின் அடியில் பொறித்திருக்கும் எண்ணைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். அது சுரண்டப்பட்டிருந்தால் திருட்டு வண்டியாக இருக்கலாம், வாங்க வேண்டாம். பழுது பார்த்து விற்கும் கடையில் விலை கூடுதல், ஆனால் மேலே சொன்ன சோதனைகளில் பாதி மிச்சம். கடையில் கேட்க வேண்டியது "சர்வீஸ் பண்ணியாச்சா" என்று அல்ல, "எதெல்லாம் புதுசா மாத்தியிருக்கு" என்று. பெட்டியில் கட்டி அனுப்பும் தொலைதூர விற்பனையை முதல் வண்டிக்குத் தவிர்ப்பதே நல்லது. சீட் போஸ்ட் அசைகிறதா என்று படத்தில் பார்க்க முடியாது.

வந்தவுடன் செலவழிக்க வேண்டிய வரிசை: டயர், ட்யூப், பிரேக் பேட், எல்லா வயர்களும் அவற்றின் உறைகளும், செயின், தேவையானால் கேசட், கடைசியாக ஹேண்டில் டேப். பழைய டயரில் பட்டன் தேயாமல் இருந்தாலும் பக்கவாட்டில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். ஃபிரேமிலும் பிரேக்கிலும் இடமிருந்தால் 23-க்குப் பதில் 25 அல்லது 28 மி.மீ. டயர் போடுங்கள். உடம்பு அலுக்காது. 70 கிலோ எடை உள்ளவருக்கு 25 மி.மீ. டயரில் 80 முதல் 90 பிஎஸ்ஐ போதுமானது. பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவு வரை அடித்தால் ஒவ்வொரு கல்லும் முதுகுக்கு வரும். ட்யூப்பின் மெல்லிய பிரெஸ்டா வால்வுக்குச் சாதாரணப் பம்பு சேராது, சிறு பித்தளை அடாப்டர் ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பெடல் தட்டையானதே போதும், ஷூ மாட்டும் பெடலுக்கு அவசரமில்லை.

கேசட் மாற்றும்போது ஒரு நுணுக்கம். 11 வேகத்துக்கான ஹப் பழையதைவிட 1.85 மி.மீ. அகலம். அதில் 10 வேகக் கேசட் போட அதே கனமுள்ள ஸ்பேஸர் ஒன்று தேவை. பழைய 10 வேக ஹப்பில் வழக்கமான 11 வேக ரோடு கேசட் ஏறாது. 10 வேக வண்டியைப் பின்னாளில் 11 ஆக உயர்த்தலாம் என்று விற்பவர் ஆசை காட்டினால், அதில் சக்கரமும் லீவரும் டிரெய்லரும் அடக்கம் என்று நினைவில் வையுங்கள்.

புது வயர் போட்ட வண்டியில் முதல் 100 கி.மீ. வரை உறைகள் அமர்ந்துகொண்டே இருக்கும், கியர் மெல்லத் தடுமாறும். லீவரை மாற்றிவிடாதீர்கள், டிரெய்லரில் வயர் நுழையும் இடத்தில் உள்ள திருகைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் அரைச் சுற்று திருப்பினால் சரியாகும். அதே நேரத்தில் ஸ்டெம் போல்ட்களையும் ஒருமுறை பாருங்கள். பெரும்பாலானவற்றில் 5 நியூட்டன் மீட்டர் என்று பொறித்திருக்கும். ஹாலோடெக் கிராங்க்கின் இடது கையை இறுக்கும் இரண்டு போல்ட்களுக்கு 12 முதல் 14. முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரென்ச் இல்லையென்றால், அது இருக்கும் கடையில் ஐந்து நிமிட வேலை.